முகம் யாருக்குச் சொந்தம்?

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்லும் எவரும் ஒரு காட்சியைக் காணாமலிருக்க முடியாது. முடிதிருத்தும் நிலையத்தின் கண்ணாடியில் ஒரு சினிமா நட்சத்திரம். துணிக்கடை வாசலில் அவரே. தொங்கவிட்ட பனியன்களின் மார்பிலும் அவரே. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குத் தீபாவளிக் காலத்தில் சென்றாலும் அதே முகங்கள்தாம் நம்மை வரவேற்கின்றன. இப்படங்களுள் எத்தனை, அம்முகத்துக்கு உரியவரின் சம்மதம் பெற்று வைக்கப்பட்டவை என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். “ஊருக்கே தெரிந்த முகத்துக்கு யாரிடம் ஐயா அனுமதி கேட்பது?” என்பார்.

கடைக்காரரின் இவ்விடை சரியா, தவறா? புகழ்பெற்றவர் ஒருவர் தம் பெயரையும் முகத்தையும் குரலையும் பிறர் வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று தடுக்க உரிமையுடையவரா? அவ்வுரிமை எதிலிருந்து பிறக்கிறது. எங்கே போய் முடிய வேண்டும்? சினிமாக்காரர்களின் சண்டை நமக்கெதற்கு என்று தோட்டத்துத் தோழர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாமென்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம். இச்சண்டை நமது லயத்து வாசல்வரை வந்துவிட்டது என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

வழக்கின் வரலாறு

தமிழ் கூறும் உலகில் இவ்விஷயத்தைப் பேசுவோர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது திரு. ரஜினிகாந்த் அவர்களின் வழக்கேயாகும். 2002-ஆம் ஆண்டில் ‘பாபா’ படம் வந்தபோதே, அப்படத்தில் தாம் ஏற்ற தோற்றத்தையும் கைமுத்திரையையும் வியாபாரிகள் பயன்படுத்தலாகாது என்று அவர் எச்சரிக்கை விடுத்தார். 2014-இல் ‘மைன் ஹூன் ரஜினிகாந்த்’ என்ற ஹிந்திப் படமொன்று தயாராயிற்று. தம் பெயர், உருவம், கேலிச்சித்திரம், வசனம் பேசும் பாணி ஆகியவற்றைத் தம் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாதென்று அவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். 2015 பிப்ரவரியில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று. படக்காரர்கள் தலைப்பை ‘மைன் ஹூன் பார்ட் டைம் கில்லர்’ என்று மாற்றிக்கொண்டனர். பின்னர் 2023 ஜனவரியில் அவருடைய வக்கீல் ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டார். பெயர், குரல், படம், கேலிச்சித்திரம் முதலாகச் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்படும் உருவம் ஈறாக அனைத்தும் அவருக்கே உரியன. வியாபாரத்துக்கு எடுப்போர்மேல் வழக்குத் தொடரப்படும் என்பது அதன் சாரம்.

இவ்வழியே பிறரும் சென்றனர். டில்லி உயர்நீதிமன்றத்தில் 2022-இல் திரு. அமிதாப் பச்சனும், 2023-இல் திரு. அனில் கபூரும் தடையுத்தரவு பெற்றனர். 2025-இல் இசைஞானி இளையராஜா அவர்களும் சென்னையில் இடைக்காலத் தடை பெற்றார்கள்.

மறுப்புரைகளும் நம் விடையும்

இவ்வுரிமைக்கு எதிராகச் சொல்லப்படுவன இரண்டு. முதலாவது, “புகழ் என்பது பொதுமக்கள் கொடுத்தது, மக்கள் தந்ததை மக்கள் எடுத்தால் குற்றமென்ன?” என்பது. கேட்பதற்கு இஃது இனிமையான வாதமே. ரஜினிகாந்த் என்ற பெயரும் இயக்குநர் கே. பாலசந்தர் இட்டது. சென்னை வழக்குங்கூடச் சிவாஜி ராவ் கெய்க்வாட் என்ற இயற்பெயரிலேயே தொடுக்கப்பட்டது. பெங்களூரில் பஸ் கண்டக்டராயிருந்தவரை நட்சத்திரமாக்கியதில் நமது தோட்டத்துத் தொழிலாளி கொடுத்த டிக்கட்டுக் காசுக்கும் பங்குண்டு.

ஆனால் நாம் கொடுத்தது கைதட்டல்; அதற்கு ஈடாக ஒரு படத்தையும் பார்த்துவிட்டோம். பள்ளிக்கூடத்து ஆசிரியரை ஊரே மதிக்கிறது. அதனால் ஊரார் எவரும் அவர் கையெழுத்தைப் போட்டுக் கடன் வாங்கலாமா? மதிப்பைக் கொடுத்தவர்கள் நாம் என்பதனால் மதிக்கப்பட்டவர் நம் உடைமையாகிவிடுவதில்லை. அங்ஙனம் ஆகிவிடுவார் என்று எண்ணுவது, கட்-அவுட்டுக்குப் பாலபிஷேகம் செய்யும் அதே மூடத்தனத்தின் மறுபக்கமேயாகும். தெய்வமென்று கும்பிடுவதும் பொருளென்று விற்பதும் ஆகிய இரண்டும் எதிரே நிற்பவர் ஒரு மனிதர் என்பதை மறந்த செயல்கள்.

இரண்டாவது மறுப்பு, “கோடீசுவரர்களுக்குச் சில ஆயிரம் நஷ்டமானால் நமக்கென்ன?” என்பது. நஷ்டம் கோடீசுவரர்களுக்கு மட்டுமானால் நாமும் பேசாதிருக்கலாம். ஒரு பொருளின்மேல் தெரிந்த முகமொன்றை ஒட்டுவது, “இவர் நம்புகிறார், நீயும் நம்பு” என்று வாங்குபவனிடம் சொல்வதாகும். அது பொய்யானால் ஏமாறுபவன் வாங்குபவனே. அண்மை ஆண்டுகளில் நமது நாட்டில் நடந்ததைப் பாருங்கள். பிரதமர் அன்வார் இப்ராஹிம், பாடகி சித்தி நூர்ஹாலிசா ஆகியோரின் முகத்தையும் குரலையும் இயந்திரத்தால் போலியாகச் செய்து, முதலீடு செய்யுங்கள் என்று அவர்களே அழைப்பதுபோல் காணொளிகள் பரப்பப்பட்டன. போலீசார் எச்சரிக்கை விட நேர்ந்தது. இத்தகைய மோசடியில் பணத்தை இழப்பவர் சித்தி நூர்ஹாலிசா அல்லர். சேமநிதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்திருக்கும் நமது ஓய்வுபெற்ற தொழிலாளியேயாவார்.

சம்மதம் பெற்று நடந்தால் எவருக்கும் குறையில்லை. 2016-இல் ‘கபாலி’ படம் வந்தபோது ஏர் ஆசியா நிறுவனம் படத்தின் கூட்டாளியாகச் சேர்ந்து, விமானமொன்றின்மேல் ரஜினிகாந்தின் உருவத்தைத் தீட்டிப் பறக்கவிட்டது. அஃது ஒப்பந்தத்தின்மேல் நடந்த காரியம். விமானத்துக்குள்ள முறை முடிதிருத்தும் கடைக்கும் உண்டு. பெரிய கடைக்கொரு நீதி, சிறிய கடைக்கொரு நீதி என்று நாம் கேட்பதற்கில்லை. ஆதலின், புகழ்பெற்றவர் தம் முகத்தை விற்பதா, விற்காதிருப்பதா என்று தாமே தீர்மானிக்க உரிமையுடையவர் என்பதே நமது துணிபு.

தீர்ப்பின் முதற்குறை

நிற்க. முடிவை ஒப்புக்கொள்வதனால் அம்முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு வாசகம் முள்ளாகத் தைக்கும். இவ்வுரிமை பிரபலஸ்தர் என்ற நிலையை அடைந்தவர்களிடத்தே உள்ளது என்பதே அது. அப்படியானால் அந்நிலையை அடையாதவர்களுக்கு? அவர்களுக்கு முகமே இல்லையா? பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை எதிர்த்து வந்த நாம், புகழினால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை மட்டும் எப்படி ஏற்பது?

உரிமையின் பூர்வீகத்தை ஆராய்ந்தால் விஷயம் தலைகீழாக இருப்பது புலனாகும். 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், பெயர் தெரியாத இளம்பெண்ணொருத்தியின் படத்தை ஒரு மாவுக் கம்பெனி அவளைக் கேளாமலே சுமார் 25,000 பிரதிகள் அச்சடித்து விளம்பரமாக ஒட்டியது. அவள் வழக்காடித் தோற்றாள். தீர்ப்பைக் கேட்ட மக்கள் கொதித்தனர். அதன் விளைவாக 1903-இல் அம்மாகாணத்துச் சட்டசபை, எழுத்துமூலமான சம்மதமின்றி எவர் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று சட்டம் செய்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 1953-இல்தான், மெல்லும் பசையோடு விற்கப்பட்ட பந்தாட்டக்காரர்களின் படங்களைப் பற்றிய வழக்கில், புகழுக்கு விலையுண்டு, அவ்விலையைக் கைமாற்றலாம் என்ற கொள்கை எழுந்தது. சாமானியப் பெண்ணின் கேடயமாகப் பிறந்த உரிமை, பிரபலஸ்தரின் சரக்காக மாறிய வரலாறு இதுவேயாகும்.

இந்தியாவிலும் கதை வேறன்று. 1994-இல் ‘நக்கீரன்’ ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையை விளக்கியபோது, ஒருவர் பெயரையும் உருவத்தையும் அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவ்வுரிமையை மீறுவதாகும் என்றது. அவ்வழக்கு ஒரு நட்சத்திரத்தைப் பற்றியதன்று. தூக்குத்தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றியது. கைதியின் வழக்கிலே பேசப்பட்ட உரிமை, இருபது ஆண்டுகளில் நட்சத்திரங்களின் தனியுரிமையாகச் சுருங்கியதை முன்னேற்றமென்று நாம் சொல்லமாட்டோம்.

நமது நாட்டுக்கு வருவோம். மழலையர் பள்ளிப் பிள்ளைகளைத் திறந்த வெளியில் படம் பிடித்துப் பத்திரிகை விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். பிள்ளையொன்றின் சார்பில் வழக்கு வந்தது. அந்தரங்கத்தை மீறியதற்கென்று வழக்காட நமது சட்டத்தில் இடமில்லை என்று 2004-இல் உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. பின்னர் 2010-இல், சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5-ஆம் விதி காக்கும் தனிமனித சுதந்திரத்துள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிற்று. கதவு திறந்தது உண்மை. ஆயினும் கடைக்காரனையும் கம்பெனியையும் நோக்கி, “என் முகத்தை எடு” என்று ஏழையொருவர் சொல்லுவதற்குத் தெளிவான சட்டமொன்று வேண்டியதாகவே இருக்கிறது.

லயத்து வாசலில்

இனி நாம் முன்பு வாக்களித்த விஷயம். கிள்ளான் பகுதித் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவர் நாம். சில ஆண்டுகளுக்கு முன் வெளியிலிருந்து படமெடுப்பவர் ஒருவர் வந்தார். பழைய தோட்ட வாழ்க்கையைப் படமெடுத்து வைக்கப் போவதாகச் சொன்னார். ஆங்கிலத்தில் அவரோடு பேசி, அவர் விரும்பிய இடத்துக்கெல்லாம் அழைத்துச் சென்றவர் நாமே. நாற்பதாண்டுக் காலம் பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவரின் லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவரும் நாமே. “கிராணி ஐயா சொன்னா சரி” என்று அவ்வம்மையார் தலைவாரி, பழைய உளியைக் கையில் பிடித்துச் சிரித்தார்.

அடுத்த ஆண்டு, பக்கத்து நிலத்தில் எழும்பிய வீடமைப்புத் திட்டமொன்றின் விளம்பரப் பலகை நெடுஞ்சாலையோரம் நின்றது. அதில் அச்சிரிப்பு இருபதடி உயரத்தில் இருந்தது. பாரம்பரியம் நிறைந்த மண்ணில் குடியேற வாருங்கள் என்பது அதன் பொருள். அந்நாளில் அவ்வம்மையார் லயத்தைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தை நம்மிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்லிக் காத்திருந்தார்.

“என் மூஞ்சிய வச்சு வீடு விக்கிறாங்களாமே ஐயா, எனக்கு ஒரு வீடு குடுப்பாங்களா?” என்று கேட்டார். நாம் விடை சொல்ல நாணினோம். சிறிது நேரம் கழித்து, “காசுகூட வேணாம் ஐயா. போடப் போறோம் பாட்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?” என்றார்.

அவர் சார்பில் நாம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினோம். வந்த மறுமொழி மிகவும் மரியாதையானது. படம் எடுத்தவரிடம் முறைப்படி வாங்கப்பட்டது. படத்திலிருப்பவர் பிரபலமானவர் அல்லராதலின் அவர் உருவத்துக்குத் தனி வியாபார மதிப்பு ஏதுமில்லை என்றிருந்தது. வாசகர்கள் கவனிக்க வேண்டும்: வியாபார மதிப்பு ஏதுமில்லாத முகத்தை இருபதடி உயரத்துக்கு எழுப்பியவர்கள் இங்ஙனம் எழுதினார்கள்! பிரபலஸ்தருக்கே உரிமை என்ற சித்தாந்தம் நீதிமன்றத்தில் பேசப்படும்போது கௌரவமாகத் தோன்றலாம்; லயத்து வாசலுக்கு வந்து சேரும்போது அதன் உருவம் இதுதான்.

தீர்ப்பின் இரண்டாங்குறை

முதற்குறை, உரிமை சிலருக்கே என்று சுருங்கியது. இரண்டாங்குறை, அச்சிலருடைய உரிமை எல்லையின்றி விரிந்தது. 2015-இல் தடுக்கப்பட்டவற்றுள் கேலிச்சித்திரமும் உண்டு, வசனம் பேசும் பாணியும் உண்டு என்பதைக் கண்டோம். அனில் கபூர் வழக்கின் தடையிலோ ‘ஜக்காஸ்’ என்ற சொல்லும் இடம்பெற்றது. அது பம்பாய்த் தெருக்களில் வழங்கும் சொல். தெருவிலிருந்து எடுத்த சொல்லை நடிகர் தம் பெட்டியில் வைத்துப் பூட்டலாமா?

சோப்புப் பெட்டியில் ஒருவர் முகத்தை ஒட்டுவது வேறு. அவரைப் பற்றிப் பேசுவது, பாடுவது, நடிப்பது, நையாண்டி செய்வது வேறு. நமது கோயில் திருவிழா மேடைகளிலும் கலியாண விருந்துகளிலும் பலகுரல் கலைஞர்கள் ரஜினிகாந்தைப் போல் நடந்து, பேசி, சிரிக்க வைத்து, சில நூறு வெள்ளி பெற்றுப் போகிறார்கள். அவர்களைக் கண்டு ஏமாறுபவர் எவருமில்லை. பாணியே தனியுடைமை என்றால் அவர்கள் வாயை அடைக்க ஒரு வக்கீல் கடிதம் போதும். மேலும் அப்பாணி ஒருவர் மட்டும் படைத்ததா? ‘கபாலி’யின் கோட்டும் நரைத்த தாடியும் இயக்குநர் பா. இரஞ்சித்தின் கற்பனையில் தோன்றியவை. அக்கதையோ நமது தோட்டத்துத் துயரத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவரது பாணிக்கு அவர் விலை கேட்பாரானால், நமது துயரத்துக்கு நாம் யாரிடம் விலை கேட்பது? இரண்டும் கேட்கத்தகாதவை என்பதே நேர்மையான விடை. முகம் தனியொருவருடையது, கதையும் பாணியும் சொல்லும் கலையின் பொதுநிலம்.

இதிலுள்ள அபாயம் சினிமாவோடு நிற்பதன்று. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் வெள்ளித்திரையிலிருந்தே முதலமைச்சர் நாற்காலிக்குச் சென்றவர்கள். நடிகர் விஜய் 2024-இல் கட்சி தொடங்கினார். நடிகராயிருக்கும்போது கேலிச்சித்திரத்தைத் தடுக்கும் உரிமை பெற்றவர், ஆட்சியாளராகும்போது அதை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போவாரா? டில்லி உயர்நீதிமன்றம் 2010-இல், பாடகர் தலேர் மெஹந்தியின் உருவில் பாடும் பொம்மைகளை விற்றதைத் தடுத்த அதே தீர்ப்பில், கேலியும் நையாண்டியும் இவ்வுரிமைக்கு உட்பட்டவையல்ல என்றும், இதை மிகைப்படுத்தினால் பேச்சுரிமை குன்றும் என்றும் சொல்லி வைத்தது. பொம்மையை நிறுத்து, நையாண்டியை விடு என்ற அந்த வரம்பே நமக்கு உகந்தது.

இறந்தோர் முகம்

இன்னொரு கேள்வியையும் காலம் நம்முன் வைத்துவிட்டது. 2024-இல் ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்கியா ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் இயந்திரத்தால் மீட்டுப் பாட வைத்தார்; குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டில், தம் தந்தையார் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தெலுங்குப் படமொன்றில் கேளாமலே ஆக்கிக்கொண்டார்களென்று அவர் மகன் வக்கீல் நோட்டீசு அனுப்பினார். மறைந்த கலைஞர் கருணாநிதியும் அவ்வாண்டில் திரையில் தோன்றிப் ‘பேசினார்’. சட்டமோ வேறு பேசுகிறது: ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படத்தை எதிர்த்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிகிறது, வாரிசுக்குச் சொத்தாக வருவதில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் கூறியது.

வரலாறு எழுதுவோர்க்கும் படமெடுப்போர்க்கும் அத்தீர்ப்பு நல்லது. இறந்தவரைப் பற்றி உயிரோடிருப்போர் பேசலாம். இறந்தவரையே பேச வைப்பதுதான் கூடாதது. குடும்பத்தார் கொடுப்பது தங்கள் சம்மதமேயன்றி இறந்தவரின் சம்மதமாகாது. ஆதலால் குடும்பம் ஒப்பினாலும், இது இயந்திரக் குரலென்று கேட்போருக்கு அறிவிப்பது கடமை. பாரதியாரின் நூலுரிமையை 1949-இல் சென்னை அரசாங்கம் திரு. ஏ. வி. மெய்யப்பனாரிடமிருந்து பெற்றுப் பின் மக்களுக்கே பொதுவாக்கியது. அது பாராட்டத்தக்க செயல். எனினும் பாரதியாரின் பாட்டு பொதுவாயிற்று என்பதனால், அவர் முகத்தை ஊறுகாய் விற்கப் பேச வைக்கலாமென்று எவரும் பொருள்கொள்ள மாட்டார்.

முடிவுரை

நாம் வேண்டுவது சுருக்கமானது. ஒருவர் முகம், பெயர், குரல் ஆகியவற்றைச் சரக்கு விற்கப் பயன்படுத்துவோர் முன்னதாக எழுத்தில் சம்மதம் பெறல் வேண்டும். படிக்கத் தெரியாதவர்க்கு அதை அவர் மொழியில் படித்துக் காட்டல் வேண்டும். இது நட்சத்திரத்துக்கும் பால்மரம் வெட்டினவர்க்கும் ஒன்றுபோல் உரியதாதல் வேண்டும். செய்தி, வரலாறு, விமர்சனம், கலை, நையாண்டி ஆகியவற்றின்மேல் இவ்வுரிமை கை வைத்தலாகாது. இது நடவாத கனவன்று. டென்மார்க்கு அரசாங்கம் 2025-இல், இயந்திரப் போலிகளுக்கு எதிராகத் தம் முகத்தின்மீதும் குரலின்மீதும் ஒவ்வொரு மனிதருக்கும் உரிமை வழங்கும் மசோதாவை முன்வைத்தது. பிரபலஸ்தர்க்கு என்று அங்கே சொல்லவில்லை, எல்லோர்க்கும் என்றார்கள்.

சட்டம் வருமட்டும் காத்திராமல் நாம் செய்யக்கூடியதும் உண்டு. சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் விழாப் படங்களை விளம்பரத்துக்குக் கொடுக்குமுன் படத்திலிருப்பவரைக் கேட்கட்டும். தோட்டத்துக்கு வரும் படப்பெட்டிக்காரரிடம், “இப்படம் எங்கே போகும்?” என்று கிராணிமார் கேட்கட்டும். அன்று நாம் அதைக் கேட்கவில்லை.

விளம்பரப் பலகையை மழையும் வெயிலும் பின்னர் அழித்துவிட்டன. அவ்வம்மையார் இப்போது மகள் வீட்டில் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். தீபாவளிக்குக் காணச் சென்றபோது பேரன் கைப்பேசியை உயர்த்தினான். “எதுக்குடா?” என்று கேட்டுவிட்டு, அவன் சொன்ன விடை மனத்துக்கு ஒத்த பிறகே அவர் சிரித்தார். ரஜினிகாந்த் அவர்கள் உயர்நீதிமன்றத்தில் கேட்டதும் இக்கேள்வியேதான். கேட்கும் உரிமை இருவர்க்கும் ஒன்றாகும் நாளே இவ்வழக்கு நியாயமாகத் தீர்ந்த நாளாகும்.